அக்காவின் மூன்று விரல்

ஜூன் 3, செவ்வாய்

மழை. காலையிலிருந்து ஹட்டன் முழுக்க வெள்ளை. எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. கிளினிக் ஜன்னலைச் சாத்தினாலும் மூட்டம் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

இன்று ஏழு பேர். எல்லாருக்கும் பல் சுத்தம் செய்வதுதான். தேயிலைக் கறை இரண்டு, வெற்றிலைக் கறை நாலு, சும்மா பயந்துபோய் வந்தவர் ஒருவர். கறையைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் மனசு எங்கேயோ போய்விடுகிறது. மெஷின் தண்ணீரின் சத்தம், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பீலிக் குழாயில் கொட்டும் ஊற்றுத் தண்ணீர் மாதிரி. இந்த வாய் இன்று காலை யாரைத் திட்டியது, யாரைக் கொஞ்சியது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

"மாலா, திரும்பவும் பறந்துட்டீங்களா?"

"இல்ல டாக்டர், இங்கதான் இருக்கேன்."

துணிக்கடை ஹாஜியார் வாய் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "என்ட பல்லுதானா மகள் இது?" என்றார்.

வாங்க: சோப்பு, குடை தைக்கக் கொடுக்க, அக்காவுக்கு பிஸ்கட். வாங்கிக்கொள்வாளோ என்னவோ.

ஜூன் 8, ஞாயிறு

தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் செல்வி அக்காதான். அவள் கொழுந்து பறித்துத்தான் நான் இந்தப் படிப்புப் படித்தேன். மச்சான் கொழும்பில் வேலை. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அவள் தனியாக.

இன்னும் கோபம்தான். மாசி மாதம், பாக்கு வெற்றிலை மாற்ற இரண்டு நாள் இருக்கும்போது, எனக்குப் பேசிய மாப்பிள்ளை வேண்டாம் என்றேன். அன்று அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். நாலு மாதமாக இப்படிப் பழிவாங்குகிறாள். எழுதி வைக்கிறேன், சண்டை போட உதவும்:

1. சிரிப்பில்லை. ஹாஜியார் கதையை நடித்தே காட்டினேன். உதட்டை மட்டும் இழுத்தாள்.

2. கறியில் காரமே இல்லை. காரமில்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தே.

3. என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. "நீ சாப்புடு, நான் பொறவு தின்னுக்கிறேன்." பிறகு பார்த்தால் அடுப்படியில் தனியாக, ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து, மெதுவாக.

4. பேச்சு பல்லுக்குள்ளேயே. கேட்டதற்கு மட்டும் பதில்.

வெற்றிலைப் பை மட்டும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மலைக் குளிருக்கு அதுதான் என்பாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பாக்கை விடுங்கள் என்று சொல்லும் நான் இவளிடம் சொன்னதில்லை. கோபமாக இருப்பவளிடம் என்னத்தைச் சொல்ல.

திரும்பும்போது பஸ்ஸில் முழித்துக்கொண்டே கனவு. முன்பெல்லாம் கொழுந்து பறிக்கும் நிரையில் நின்று அவள் சிரித்தால் அடுத்த மலையில் நிற்கும் கங்காணி திரும்பிப் பார்ப்பார். அந்தச் சத்தம் மூட்டத்துக்குள் எங்கேயாவது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 11, புதன்

வெயில், பத்து நிமிடம். எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றோம்.

வலப்பனைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, கறை எடுக்க. என் சின்னக் கண்ணாடியை வைக்கவே வாயில் இடமில்லை.

"இன்னும் கொஞ்சம் தொறங்கம்மா."

"அம்புட்டுத்தான் மிஸ் தொறக்கும்."

டாக்டரம்மா வந்தார். "உங்க மூணு விரல ஒன்னுமேல ஒன்னா நிறுத்தி வாய்க்குள்ள வைங்க பாப்போம்." அவரவர் விரல்தான் அளவு, மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போனது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, கயிறு மாதிரி இறுகியிருந்தது. பாக்கு செய்யும் வேலை.

"காரம் தொட்டா எரியுதா?"

"தீயா எரியுது டாக்டர். ரொட்டியகூட தேத்தண்ணில ஊறவச்சுத்தான் முழுங்குறேன்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இம்முறை எங்கேயும் பறக்கவில்லை.

அதே நாள், பி.ப. 5.30

அறைக்கு வந்ததும் இந்த நோட்டைத்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். 1, 2, 3, 4. கிளினிக் அட்டையில் யாருக்காவது இதை எழுதியிருந்தால் அப்போதே டாக்டரிடம் ஓடியிருப்பேன். என் கையெழுத்துதான். சண்டை போட எழுதினேனாம். சீ.

சிலருக்கு அது புற்றுநோயாக மாறும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மதியம், அவள் மலையிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து ஃபோன்.

"ஒன் மூணு விரல வாய்க்குள்ள வச்சுப் பாரு அக்கா."

"என்னடி வெளையாட்டு?"

"வச்சுப் பாரேன்."

தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"ஒன்னு போகுது. ரெண்டாவது பாதி."

"நாளைக்கு மலைக்குப் போகாத. இங்க வா."

"ஏன்டி, பயமா இருக்கா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூன் 13, வெள்ளி

அக்கா எங்கள் நாற்காலியில். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை வாய் பார்க்கிறேன், இந்த வாயைப் பார்த்ததில்லை. இரண்டு கன்னமும் வெளுத்திருந்தன. இடது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டரம்மா பார்த்து முடிக்கும்வரை என் கோட்டின் ஓரத்தை அக்கா பிடித்திருந்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நான் அவளை அப்படித்தான் பிடித்திருப்பேன்.

கண்டிக்குக் கடிதம். ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 27, வெள்ளி

கண்டி போய்வந்தோம். முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. ஆனால் பாக்கை இன்றோடு விட வேண்டும், மாதாமாதம் காட்ட வேண்டும்.

பஸ்ஸில் இடுப்புப் பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "நீ வச்சுக்க. எங்கிட்ட இருந்தா கை போயிரும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

லயம். வாசலில் நின்ற கொய்யா மரத்தைக் காணோம், அவ்வளவு மூட்டம். வெற்றிலை இல்லாமல் கை துறுதுறுக்கிறது என்று இரண்டு தடவை வீட்டைக் கூட்டிவிட்டாள்.

பயிற்சி: ஐஸ்பழக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து ஐந்து நிமிடம். பதினொன்றில் தொடங்கினோம். இன்று பன்னிரண்டு.

குச்சி வாயில் இருந்தால் அவளால் பேச முடியாது. அதனால் நான் பேசினேன்.

"நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன் அக்கா. அந்த மாப்பிள்ள விசயத்துல."

கண்ணை உருட்டினாள். நோட்டை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். ஒன்று. இரண்டு. காரத்துக்கு வரும்போதே தோள் குலுங்க ஆரம்பித்தது. "சண்டை போட உதவும்" என்றதும் தாங்கவில்லை. பன்னிரண்டு குச்சியும் தரையெல்லாம் கொட்டின.

"அடி கூறுகெட்டவளே, அந்தாள எனக்கே புடிக்கலடி. ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு இருந்தேன்."

பாதி வாயால்தான் சிரித்தாள். ஆனாலும் பக்கத்துக் காம்பராவிலிருந்து, "என்ன செல்வி?" என்று கேட்டார்கள்.

குச்சிகளைப் பொறுக்கிக் கழுவினேன். மறுபடி ஒன்றிலிருந்து.