மாடி இல்லாத பிளான்

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பழனிக் கவுண்டர் இன்று ஆபீசுக்கு வந்தார். அவருடைய மகன் காய்ச்சலில் போய் ஒரு மாதம் ஆகிறது. அவன் கல்யாணத்தை நினைத்துத்தான் புது வீட்டுக்கு நான் போடும் பிளானில் மாடியும் வரையச் சொல்லியிருந்தார்.

"மாடி வேண்டாமுங்க. எடுத்துப்போடுங்க" என்றார்.

எடுக்கலாம். பிளானில் கட்டம் கட்டமாகக் கையெழுத்து வாங்குவது, கையெழுத்தான கட்டத்தை மாற்றுவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஷரத்து எழுதியவன் நான்தான். மாடி இரண்டாம் கட்டம். அதில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் கண் முன்னாலேயே சிவப்பு மையால் அடித்தேன். ஷரத்து இவ்வளவு சுலபமாக வேலை செய்ததில் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"கடைக்கால் மாடிக்கும் சேத்துத்தானுங்களே போட்டது? அதைய என்னங்க பண்றது?" என்று கேட்டார்.

"அஸ்திவாரம் முதல் கட்டம். போட்டாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இருக்கட்டுங்க சாமி. அவனுக்குன்னு போட்டது, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

பிளானில் மாடிப்படி மட்டும் சிவப்பு மை படாமல் இருந்தது; அதையும் அடிக்கும்படி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.