கடைசிப் பாட்டு முடியும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருக்குள் உங்கள் மகனின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிறன்று சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். ஆராதனையில் இருந்தபோது நான் வேலை பார்க்கும் கட்டடத்துக் காவலாளி போன் செய்து இந்த ஊர்ப் பாஷையில் கத்தினார். "தரை துடைக்கிற அக்கா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க, மூச்சு விட முடியல, சீக்கிரம் வாப்பா!" அங்கே லிஃப்ட் மெக்கானிக் நான் ஒருவன்தான். எழுந்தேன். பக்கத்திலிருந்த சபை மூப்பர், "ஓய்வுநாள்ல ஸ்பேனரைத் தொடுவியா?" என்று முறைத்தார். சின்ன வயதில் ஞாயிறன்று சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதற்கு நீங்கள் அடித்த அடி நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் ஓடினேன்.

கதவை நெம்பித் திறந்தபோது அக்கா பேச்சு மூச்சின்றிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

ஓய்வுநாளில் வேலை செய்துவிட்டேனாம், மூன்று மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் தமிழில் பேச எனக்கிருந்த ஒரே இடம் அது, அங்கேயும் இனி யார் முகம் கொடுப்பார்கள்? ஓய்வுநாளில் சூம்பின கையைச் சுகமாக்கின கர்த்தரைத்தானே அப்பா நாம் கும்பிடுகிறோம்?

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. நீங்களும் நாலு வரி எழுதுங்கள், திட்டியாவது.

போனதற்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். போகாமல் உட்கார்ந்து பாடினேனே, அதற்கு யார் என்னை மன்னிப்பார்கள் அப்பா?

ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரமாகிவிட்டது. இன்றைக்காவது உடனே ஓடுகிறேன்.

உங்கள் மகன்