கை தூக்காதவர்கள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் நீ அதிகம் பேசுவதில்லை, அதனால் குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே அப்பா சுகம், வீடு சுகம், எனக்கு மட்டும் நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுகிறது. இதை எழுதுவது சட்டமன்றக் கட்டடத்தில், குழு அறைக்கு வெளியே கிடக்கிற நீள பெஞ்சில் இருந்துகொண்டு. உள்ளே ஏதோ சாலை விவகாரம் ஓடுகிறது, அது முடிந்ததும் எங்களைக் கூப்பிடுவார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், தேநீர்த் தட்டோடு ஒருவர் வெளியே வருகிறார், மறுபடி உட்கார்கிறேன். இப்போது அவரே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். அரசு உதவித்தொகை அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், எங்களிடம் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதை மாற்றச் சொல்லித்தான் இந்த மாநிலத்துத் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த எங்கள் சங்கம் வருஷக்கணக்காய் அலைகிறது. அதற்கு என்னைத் தலைவராக்கினபோது அப்பா, “வீட்டுல என் ஒருத்தன் பேச்சைக் கேக்காதது பத்தாதா, இன்னும் நாப்பது பேர் பேச்சைக் கேக்காம இருக்கணுமா” என்றார், நினைவிருக்கிறதா? இப்போது அரசு ஒருவழியாக இறங்கி வந்திருக்கிறது. தருகிறோம், ஆனால் முந்நூறு பேருக்குக் குறைவாகப் படிக்கிற கல்லூரிக்கு இல்லை என்கிறார்கள். இதற்குச் சங்கம் சம்மதமா என்று கேட்கத்தான் குழு இன்று எங்களை வரச்சொல்லியிருக்கிறது. நான் முதல்வராக இருக்கிற நம் பெண்கள் கல்லூரி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, தப்பித்தோம். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கோட்டுக்குக் கீழே விழுவது ஒரே ஒரு கல்லூரி, சாக்பீஸ் சாருடைய மாலைக் கல்லூரி. அவரை நீ மறந்திருக்கமாட்டாய், நீ பள்ளியில் படிக்கும்போது சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நம் கூடத்துத் தரையிலேயே முக்கோணம் போட்டு உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அவர்தான். அங்கே முதல்வர், கணக்கு வாத்தியார், மணி அடிப்பவர் எல்லாம் அவரே. பஸ் ஓட்டுகிறவர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிறவர்கள் வேலை முடிந்து வந்து படிக்கிற இடம். இப்போதே இழுத்துப் பிடித்துத்தான் நடக்கிறது. உதவித்தொகை வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பாதிப் பேர் படிப்பை விடாமல் இருக்கிறார்கள். இல்லை என்றாகிவிட்டால் அவர்கள் நின்றுவிடுவார்கள், சார் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல்வர்கள் எல்லாம் வாத்தியார்கள், ஆளுக்கு ஒரு பீரியட் பேசாமல் ஓயமாட்டார்கள். அதனால் எனக்கு முன்னால் இருந்த தலைவர், எதிர்ப்பு இருக்கிறவர் மட்டும் கை தூக்கவும், தூக்காதவர் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு என்று விதி போட்டுவிட்டார். அன்று முதல் கூட்டம் சாப்பாட்டுக்கு முன்பே முடிகிறது, எல்லாருக்கும் ஏக சந்தோஷம். போன வாரக் கூட்டத்தில் இந்த நிபந்தனையை வாசித்தேன். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர், “கிடைக்கறதை வாங்கிப்போம் மேடம், மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டேன். கடைசி வரிசையில் சாக்பீஸ் சார் மேஜைமேல் கையை வைத்து ஒரு துண்டு சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார். தன் ஒரு கல்லூரிக்காக இத்தனை பிள்ளைகளுக்குக் கிடைப்பதைக் கெடுக்கக்கூடாது என்றுதான் வாயைத் திறக்காமல் இருக்கிறார், எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், ஏகமனதாக நிறைவேறியது என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். முடிந்ததும் அவரே வந்து, “நல்லா நடத்தினீங்க மேடம்” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. துவைத்த துணியையே திரும்பவும் துவைக்கப் போட்டேன். அப்பா பார்த்துப் பார்த்து, “இப்படிக் குறுக்கும் நெடுக்குமா நடந்தா தரைதான் தேயும், ஒண்ணு போய்ச் சொல்லு, இல்ல பேசாம படு” என்று கத்தினார். போய்ச் சொல்வது என்ன அவ்வளவு சுலபமா? தலைவர் என்றால் சங்கத்தின் முடிவைச் சொல்ல வேண்டும், தன் மனசில் இருப்பதை அல்ல. நான் ஏதாவது மாற்றிப் பேசப்போய், அரசு முறுக்கிக்கொண்டு ஒருத்தருக்கும் கிடையாது என்றுவிட்டால் நம் கல்லூரிப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? பெஞ்சின் அந்தக் கோடியில் துணைவேந்தர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூப்பிடுகிறார்கள், மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

நடுவில் சில நாள் ஓடிவிட்டது, இப்போது நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுதுகிறேன். அன்று உள்ளே போனதும் குழுத் தலைவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, “உங்க சங்கம் முழுக்க ஒத்துக்குது, அப்படித்தானே” என்றார். தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. என் கை தானாக மேலே போய்விட்டது, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி. அவர் சிரித்துவிட்டு, “இங்கே கையெல்லாம் தூக்க வேணாம்மா, பேசுங்க” என்றார். எழுதிக்கொண்டு போனதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. சங்கம் ஒப்புக்கொண்டது நிஜம், ஆனால் இழக்கப்போகிறவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர் பேசாமல் இருந்ததை என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன், ஆகையால் இந்தச் சம்மதத்தை என்னால் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். குழு முடிவை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைத்துவிட்டது. இனி எல்லாருக்கும் கிடைக்குமோ, ஒருத்தருக்கும் கிடைக்காமல் போகுமோ, தெரியாது. வெளியே வந்ததும் துணைவேந்தர், “தலைமைன்னா இதுவா மேடம்” என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நேற்று அவசரக் கூட்டம் போட்டார்கள், என்னை இறக்கத்தான். செயலாளர் எழுந்து, நான் தலைவராக நீடிப்பதில் எதிர்ப்பு இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். துணைவேந்தர் தூக்கினார், அவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தூக்கினார்கள், அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அப்புறம் கடைசி வரிசையில் ஒரு கை மெதுவாக எழுந்தது. சாக்பீஸ் சார். இத்தனை வருஷத்தில் அவர் கை தூக்கி யாருமே பார்த்ததில்லை. அவர் எழுந்து, “மேடம் இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த விதிமேலதான் எனக்கு எதிர்ப்பு. சும்மா உக்காந்திருக்கறவன் ஒத்துக்கிட்டான்னு நீங்களா எழுதாதீங்க. வந்து கேளுங்க. கேட்டா சொல்லுவேன், என் பசங்களுக்கும் வேணும்” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே விதியை எடுத்துவிட்டோம், நான் இப்போதைக்குப் பிழைத்தேன். இனி ஒவ்வொருவராகக் கேட்பது என்று முடிவு. நேற்றே ஆரம்பித்து, சாப்பாடு ஆறிப்போயும் கூட்டம் முடியவே இல்லை. அடுத்த அமர்வில் முதலில் பேசப்போவது சாக்பீஸ் சார்.

ஊர்க் கதை போதும், இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் போனில், உன் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடேன் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும், சரி முடிவாச்சு என்று சொல்லிவிட்டு அப்பா மூக்குக் கண்ணாடியைத் தொலைத்த கதைக்குப் போய்விட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து அதுதான் உறுத்துகிறது. கண்ணு, அங்கே இருக்க உனக்குப் பிடித்திருக்கிறதா, திரும்பி வர ஆசையா, இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதா? எதுவானாலும் சொல்லு, நீ பேசாமல் இருந்தால் சரி என்று இனி நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். கழுத்து வலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், நாளை என்று தள்ளாதே. அப்பா உன்னை விசாரித்தார், கண்ணாடி கிடைத்துவிட்டதாம், தலையிலேயே இருந்ததாம். எங்கே இருந்தாலும் நீ மனசு நிறைந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
இந்தத் தடவை கேட்டுவிட்டு உன் பதிலுக்கு உட்கார்ந்திருக்கும்
அம்மா