அப்பாவின் வயிற்றில் அடித்த உடுக்கை

தம்பிக்கு,

அப்பாவின் காரியம் முடிந்து நீ கோயம்புத்தூர் போனதும் வீடு அடங்கிவிட்டது. என் காதில்தான் ஏதோ அடித்துக்கொண்டே இருக்கிறது.

அப்பாவுக்குத் தொப்புளுக்கு மேலே துடிக்குமே, நினைவிருக்கிறதா? "கருப்பர் உள்ள உக்காந்து உடுக்கை அடிக்கிறாரு, தொட்டுக் கும்பிடுங்க" என்பார்கள். சாமியாடி ஓய்ந்து படுத்திருப்பவரின் வயிற்றைத் தொட்டு, அரிமளத்திலிருந்து வந்தவர்கள்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நாமும்தான்.

வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி வீங்கித்தான் அப்படித் துடித்ததாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். சிறுநீரகம் தூண்டிவிடுகிற ஒரு ஹார்மோன் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு, அந்தக் குழாயின் சுவரையும் கொஞ்சங்கொஞ்சமாக அரித்திருக்கலாமாம். அதை அடக்கத்தான் பிரஷர் மாத்திரை. காப்புக் கட்டிவிட்டால் அப்பா மாத்திரையைத் தொடமாட்டாரே. ஆடிக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டது.

"கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஸ்கேன் பாத்துருங்க" என்றார். நீ இந்த வாரமே எடுத்துவிடு. எனக்கென்ன அவசரம். நாற்று நடவு வேறு கிடக்கிறது.

சாமி அடுத்து யார்மேல் இறங்கும் என்று ஊரில் கேட்கிறார்கள். உன் பெயரைத்தான் சொல்கிறார்கள். வராதே.

நேற்று மதியம் சற்றுப் படுத்திருந்தேன். என் வயிற்றில் தலைசாய்த்திருந்த மகள் இளமதி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, தாத்தா மாதிரியே ஒனக்கும் உடுக்கை அடிக்குது" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயைப் பொத்தினேன்.

அவள் தலையாட்டிவிட்டு, என் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உன் அக்கா