பதினான்கு பெட்டிகளின் பந்தி

சூடான தகரத்தில் சந்தனம் காய்ந்தால் ஒரு மணம் வரும், உமக்குத் தெரியும். இன்றைக்கு ஆயுத பூசை. என் கடையின் பின்னறையில் உம்முடைய பதினான்கு கம்ப்யூட்டர்களுக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டு வைத்தேன். அறையெல்லாம் அந்த மணம். அலுப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் அதோடு நின்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டப் போனேன். நீர் நிற்கத் தெரியாமல் பெங்களூர் வரை படித்துப் போய், தலை நரைத்துத் திரும்பினீர். பிறகு ஆறு கரை தாண்டிய அந்த வெள்ளத்தில் என் ஜங்ஷன் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். "எப்ப வரும்னு தெரிஞ்சிருந்தா மோட்டாரையாவது பரண்ல ஏத்தியிருப்பேன் வே" என்று உம்மிடம் புலம்பியதுதான் தப்பு. வெள்ளம் எப்போது வரும் என்று கணக்குப் போட, மூடிப்போன பிரவுசிங் சென்டர்களின் பழைய பெட்டிகளை வாங்கிவந்து, ஒன்றோடொன்று வயரால் கோத்துவிட்டீர். பாபநாசத்திலிருந்து கடல்வரை ஆற்றைப் பதினான்காக வெட்டி, பெட்டிக்கு ஒரு துண்டு. மேலே இருப்பது தன் தண்ணீர்க் கணக்கைக் கீழே இருப்பதற்குச் சொல்லும்.

அந்தக் கணக்கை நீர் எழுதிய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்களை எல்லாம் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

"யாருக்கும் புரியாத பாஷைய வீட்டுக்காரிகிட்ட பேசும் வே. எதுக்குப் பதினாலு பெட்டி?" என்றேன்.

"வீட்டுல நான் சொன்னா யாரு கேக்கா? இங்கன பதினாலு பேரு ஒண்ணா கேக்காவ."

ஒன்று நின்றால் மற்றவை ஏன் காத்திருக்கின்றன என்று கேட்டேன். "பந்தியில கடைசி ஆளு சாப்பிட்டு முடிக்காம எவனாச்சும் எந்திரிப்பானா?" என்றீர். அன்றிலிருந்து எனக்கு அது பந்திதான்.

போன ஆயுத பூசையை நீர் மறந்திருக்கமாட்டீர். ஆயுதத்துக்கு அன்றைக்கு வேலை கொடுக்கலாமா? பன்னிரண்டு நாளாக ஓடிய கணக்கை மெயின் சுவிட்சோடு அணைத்துவிட்டு, குளிரக் குளிரச் சந்தனம் பூசி வைத்தேன். நீர் வந்து பார்த்தீர். சுண்டலைத் தின்றீர். பிறகு பைய, "லீவு விட்டது சரி. எங்கன விட்டோம்னு அதுகளுக்கு ஞாபகம் இல்லையே வே" என்றீர். மறுநாளே மணிக்கொரு தரம் கணக்கைக் குறித்துவைக்கும்படி எழுதிச் சேர்த்தீர்.

ஆவணியில் கடைசிக் கணக்கை ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர். "ஐப்பசி மழைக்கு முன்ன முடியணும். நின்னா சுவிட்ச தட்டி விடும் வே." நீர் திரும்பவில்லை. கரண்ட் எத்தனையோ தடவை போனது. இரண்டு ஃபேன் மாற்றினேன். சேரன்மாதேவித் துண்டைப் பார்க்கும் பெட்டி இன்னும் கிழவன் மாதிரி இருமுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குறித்த இடத்திலிருந்து எழும்பியது. என் தப்புக்கு நீர் போட்ட ஒட்டுதான் உம் கணக்கைக் காப்பாற்றியது, பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் குனிந்து நிமிர்ந்த என் முதுகைத்தான் யாரும் குறித்துவைக்கவில்லை. இன்றைக்கு அணைக்க மனம் வரவில்லை. சரஸ்வதி கோபித்தால் உம் பக்கம் கையைக் காட்டிவிடுவேன்.

சாயங்காலம் திரையில் ஓட்டம் நின்றது. அணை திறந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று வரிசையாக எண்கள். ஜங்ஷனுக்கு நேரே இருந்ததைப் படித்தேன். மோட்டார்களைப் பரணில் ஏற்ற அவ்வளவு நேரம் போதும். அதற்குக் கீழே எனக்கென்று தமிழில் ஒரு வரி எழுதி வைத்திருந்தீர்:

"எல்லாரும் சாப்பிட்டாச்சு. எந்திரிக்கலாம் வே."

பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டேன். நான்தான் இன்னும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.