சேகரைத் தின்ற வெயில்

குடைக்குள்ளேயே வாழ்ந்து முடித்த என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போனதிலிருந்து வம்பிழுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கிண்டல் செய்தால் அழுதுவிடுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துக்கொள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் பாதிதான்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா உனக்கு எண்ணெய் தேய்த்து ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் இளவெயிலில் கிடத்துவாள். எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதானே? உனக்கு மட்டும் தோல் கொப்பளித்தது. முகமெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்தது. "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்திருப்பா" என்று ஊரே அம்மாவைச் சொன்னது. சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தாள்.

புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா?

"வெயில் பட்டா எல்லார் தோலுக்குள்ளயும் டி.என்.ஏ. பழுதாகும்மா. கெட்ட துண்டை வெட்டி எடுத்துட்டு நல்லதா அடைக்க உடம்புலயே நொதிகள் இருக்கு. இவருக்கு அதுல ஒண்ணு பிறவியிலேர்ந்தே வேலை செய்யல. அந்தப் பழுது சேர்ந்து சேர்ந்துதான் முகத்துல புற்றுநோயாயிருக்கு."

"எங்க தெரு ரோடு மாதிரியா சார்? பள்ளம் விழும், மூட ஆள் வராது?" என்றேன். முகத்தில் கட்டோடு இருந்த நீதான் முதலில் சிரித்தாய்.

அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று டாக்டர் கேட்டார். அம்மாவை அவள் தாய்மாமனுக்கே கட்டிவைத்ததைச் சொன்னேன். அந்தக் குறை இருவருக்குள்ளும் பாதி பாதியாக ஒளிந்திருந்ததாம். உனக்கு இரண்டு பாதியும் சேர்ந்து வந்துவிட்டதாம். எங்களிடமும் ஒளிந்திருக்கலாம், சொந்தத்தில் கட்டுவதற்கு முன் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார். நம் அண்ணனும் அங்கேதான் நின்றார். தலையாட்டினார்.

இப்போது சேதி கேள். அதே அண்ணன் தன் மகனுக்கு என் மகள் கலாவைக் கேட்டு, எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்குப் பூத்தட்டோடு வந்து நின்றார்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டுப் பூ வைக்கலாம்ண்ணே."

"முறைப்பொண்ணு கேட்டு வந்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறியா? செத்தவன் பேரைச் சொல்லி நல்ல காரியத்தைக் கெடுக்காதே!"

"அவன் எதனால செத்தான்னு உங்களுக்குத் தெரியாதா? ஊசிக்குப் பயம்னா சொல்லுங்கண்ணே, மருமகன் கையை நான் பிடிச்சுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை, சேகர். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கலா கதவைச் சாத்திவிட்டு, "விடும்மா" என்றாள்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். தட்டு நேராக உன் சின்னக்கா சாந்தி வீட்டுக்குப் போயிருக்கிறது. அவள் மகள் தலையில் பூவும் வைத்தாயிற்று. உன் புண்ணைக் கழுவித் துணி மாற்றியது சாந்தியின் கை. அந்தக் கைதான் தட்டை வாங்கியிருக்கிறது. இதற்கு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வேன்?

தாலி ஏறுவதற்குள் அவள் வாசலில் போய் நிற்பேன். நீ கடைசியில் எப்படி இருந்தாய் என்று கட்டிக்கொள்ளப் போகிறவர்களிடமே ஒன்று விடாமல் சொல்வேன். அண்ணன் கை ஓங்கட்டும், சாந்தி கதவை அடைக்கட்டும், தெருவில் நின்று சொல்வேன். சத்தியமாக ஒருவரையும் சிரிக்க வைக்கமாட்டேன்.

உன் பெரியக்கா,
ஜெயா