சரம் வெடிக்காத மைதானம்

அண்ணாச்சி,

இன்று காலையில் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தான். டப்பாவைத் திறந்து லின்சீட் எண்ணெய் ஊற்றிக் கலக்கினான். வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. காப்பிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். போட்டோமா இல்லையா என்று மறந்துபோய், இன்னொரு கரண்டியும் போட்டு, பாயாசம் மாதிரி ஒரு காப்பியைக் குடித்து முடித்தேன். அது உங்கள் ஹாக்கி மட்டையின் வாசம். ஆட்டத்துக்கு முந்தின நாள் நீங்கள் அந்த எண்ணெயைத் துணியில் நனைத்து மட்டைக்குத் தடவுவீர்கள். காயத்துக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் உங்கள் கையில் டிஞ்சரையும் மீறி அதுதான் மணக்கும்.

ஐம்பதுகளில் நான் சிவகாசிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது எனக்கு ஹாக்கி என்றால் என்னவென்றே தெரியாது. ஆஸ்பத்திரி மாடியின் பின்பக்க வராந்தாவில் நின்றால் மிஷன் பள்ளிக்கூட மைதானம் முழுசாகத் தெரியும். சாயங்காலம் துவைத்த கட்டுத் துணிகளை அங்கேதான் காயப் போடுவோம். காயப் போடுகிற சாக்கில் பாதி ஆட்டம் பார்த்துவிடுவோம். மேட்ரனம்மா வந்து, "துணி காயுதா, நீங்க காயுறீகளா?" என்று கேட்டுவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்.

முதல் முறை நீங்கள் வந்தபோது முழங்காலுக்குக் கீழே நல்ல வெட்டு. வயசான மனுஷன் இப்படியா விளையாடுவது என்று திட்டிக்கொண்டே தையல் போட்டேன். உங்களுக்கு அப்போது முப்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயதுதான் இருக்கும். எனக்கு அதுவே கிழடாகத் தெரிந்தது. நீங்கள் கோபப்படவில்லை. மாடியிலிருந்து ஆட்டம் பார்க்கிறேன், ஆனால் பந்து எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று நான் சொன்னதற்கு, வலியோடு சிரித்தபடி பதில் சொன்னீர்கள்.

"பந்தப் பாக்காதீக சிஸ்டரம்மா. பந்து ஏமாத்தும். ஆளோட காலப் பாருங்க. எங்கன போகப் போறான்னு அது முன்னாடியே சொல்லிரும்."

அதற்குப் பிறகு நான் கால்களைப் பார்த்தேன். ஆட்டம் புரிந்துவிட்டது. கோலுக்கு முன்னால் ஃபுல்பேக்காக நீங்கள் நிற்கிற இடத்துக்கே பந்து வந்து சேருவது மாயம் இல்லை, எதிராளியின் காலை நீங்கள் முன்பே படித்துவிடுகிறீர்கள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நானும் உங்கள் ரசிகைதான். ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்ததால் சத்தம் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சத்தம் போட வேறு ஆட்கள் இருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில், மீதிப் பேர் தீப்பெட்டியிலும் அச்சாபீசிலும். சங்கு ஊதினதும் அத்தனை பேரும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் டீக்கடை வேல்சாமி. விருதுநகர் டீம் ஆட வந்தால் வேல்சாமியின் வாய்க்குப் பயந்தே பாதி தோற்றுப் போவார்கள் என்று பேச்சு. நம் டீம் ஜெயித்தால் சரவெடி உண்டு. கடையில் வாங்கின சரம் இல்லை. ஒவ்வொருவனும் தான் வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து ஒரு துண்டுச் சரம் கொண்டு வருவான். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேல்சாமி திரியோடு திரியைப் பின்னி எல்லாவற்றையும் ஒன்றாக்குவார். எந்தக் கம்பெனிச் சரம் எந்த இடத்தில் வெடிக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லும் ஆட்கள் கூட்டத்தில் இருந்தார்கள். கொளுத்துவது மட்டும் எப்போதும் நீங்கள். வியர்வை வழிய, ஒரு கையில் மட்டை, ஒரு கையில் ஊதுவத்தி. கொளுத்திவிட்டு ஓடக்கூட மாட்டீர்கள், நடந்து வருவீர்கள். அதற்கே தனியாக ஒரு கைதட்டல் விழும்.

பிறகு அந்த வருஷம் வந்தது. தீபாவளி சீசன் வேலை மும்முரமாக இருந்த சமயம், ஆனைக்குட்டம் போகிற பாதையில் நீங்கள் ஃபோர்மேனாக இருந்த கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறை வெடித்தது. உள்ளே இருந்தது உங்கள் வீட்டம்மாவின் தம்பி. புகைக்குள் போய் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள். லாரியில் ஏற்றி, எங்கள் வார்டுக்கு நீங்களே சுமந்து வந்து கட்டிலில் கிடத்தினீர்கள். அவன் இருந்த நாட்களெல்லாம் பக்கத்து பெஞ்சை விட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம் ஆயா கை தவறி ஒரு தட்டைக் கீழே போட்டாள். தகரச் சத்தம். உங்கள் முகம் அசையவில்லை. பெஞ்சுக்குக் கீழே உங்கள் கால்கள் இரண்டும் துள்ளி விழுந்தன, பிறகு வெகு நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தன. நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

அவன் பிழைக்கவில்லை. "நாந்தான் மொதலாளிகிட்டச் சொல்லிச் சேத்துவிட்டேன் சிஸ்டரம்மா" என்றீர்கள். "மாடு மேச்சுக்கிட்டு அவன் பாட்டுக்கு நல்லாத்தான் இருந்தான்." எனக்கு ஜெபம் சொல்லத்தான் தெரியும். அதையும் சொல்லாமல் அவன் கட்டிலின் விரிப்பை எடுத்து மடித்தேன்.

பொங்கல் முடிந்து நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். கோவில்பட்டி மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயும் டீம் இருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம் என்றீர்கள். உங்கள் முதலாளிதான் நம் டீமை நடத்தினார். கம்பெனியை விட்டால் டீமையும் விட்டமாதிரிதான்.

"ஊருல ஏன்னு கேப்பாகளே, என்ன சொல்லப் போறீக?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"அந்தச் சத்தம் தாங்கலைன்னு சொன்னா என்ன? புரிஞ்சுக்கிட மாட்டாகளா?"

வாசலில் பட்டாசு லோடு ஏற்றின வண்டி ஒன்று போனது. அது போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"புரிஞ்சுக்கிடுவாக. அதான் பயம். காலைல எந்திரிச்சு அம்புட்டுப் பேரும் அங்கனதான போறாக? எனக்குப் பயமாருக்குன்னு நானே சொன்னா, மறுநா அவுக எப்படி உள்ள போவாக? பயந்த கையோட மருந்தத் தொடலாமா? நீங்களும் சொல்லிராதீக."

சரி என்று தலையாட்டினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும். அப்படிப்பட்டவளிடம் போய் இதை ஒப்படைத்தீர்களே என்று எனக்கு உங்கள் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

நீங்கள் போன பிறகு ஊர் பேசின பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. எத்தனை வருஷம் உங்களைக் கொண்டாடினார்களோ அத்தனைக்கும் சேர்த்துத் திட்டினார்கள். அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற பெரியவர் ஒருவர் மட்டும் திட்டாமல், "அவரு நிக்காத கோலு கதவு இல்லாத வீடு, நான் அதப் பாக்க வரல" என்று மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். வேல்சாமி கடையில் டீமின் போட்டோ ஒன்று மாட்டியிருந்ததே, நடுவில் நீங்கள் மட்டையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருப்பது. உங்கள் முகத்தின் மேல் ஒரு தீப்பெட்டி லேபிளைப் பசை தடவி ஒட்டிவிட்டார். வார்டுக்கு டீ வாங்கப் போனால் என்னிடம் அதைக் காட்டுவார்.

"பாத்தீகளா சிஸ்டர், உங்க அண்ணாச்சி மூஞ்சிய? பெரிய மில்லு, பெரிய சம்பளம். சோறு போட்ட ஊரு இனிமே கண்ணுக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அடுத்த வருஷம் எங்கள் மைதானத்தில் நடந்த போட்டிக்கு மில் டீம் வந்தது. நம் டீமோடுதான் ஆட்டம். நான் டியூட்டியை மாற்றிக்கொண்டு வராந்தாவில் நின்றேன். வேப்பமரத்தடியில் வேல்சாமி சரம் பின்னிக்கொண்டிருந்தார். அவ்வளவு நீளச் சரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெயிப்போம் என்ற நம்பிக்கை போல என்று நினைத்தேன். நடுக்கோட்டில் இரண்டு பேர் மட்டையோடு மட்டை தட்டுகிற புல்லியோடு ஆட்டம் ஆரம்பித்தது. நீங்கள் வேறு சட்டையில், வேப்பமரத்துப் பக்கத்துக் கோலுக்கு முன்னால் நின்றீர்கள். பந்து முதல் தடவை உங்கள் மட்டைக்கு வந்தபோது, உங்கள் முதுகுக்குப் பின்னால் கொளுத்திவிட்டார்கள்.

தமாஷுக்குத்தான் செய்தார்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வேறு ஊராக இருந்தால் கல் எறிந்திருப்பார்கள். எங்கள் ஊரில் சந்தோஷத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி, கேலிக்கும் அதுதான். வெடிச் சத்தம் ஒருவருக்கு ஆகாமல் போகும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவும் உங்களுக்கு, எப்போதும் கொளுத்துகிறவருக்கு.

நான் உங்கள் கால்களைப் பார்த்தேன். மட்டை கையிலிருந்து விழுந்தது. ஓடிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் திரும்பி, புகையைப் பார்த்து ஓடினீர்கள். உள்ளே நுழைந்து கைக்கு அகப்பட்ட ஆளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு வந்தீர்கள். அது வேல்சாமி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேல்சாமியும் தோளில் கிடந்தபடி கையை ஆட்டிச் சிரித்தார். நீங்கள் அவரை மெதுவாகத் தரையில் கிடத்தி, சட்டையில் இல்லாத தீயை இரண்டு கையாலும் தட்டித் தட்டி அணைத்தீர்கள்.

"ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி இங்கனதான் இருக்கு. கண்ண மூடாத. ஏலே, கண்ண மூடாத."

இது எனக்கு மாடியில் கேட்கவில்லை. பிறகு வேல்சாமி சொன்னது. ஆனால் அவர் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பு நின்றது, அப்படியே வரிசையாக மைதானம் முழுக்க அடங்கியது. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தன் வீட்டு ஆளை அப்படித் தூக்கிக்கொண்டு ஓடாதவர் குறைவு. சரம் மட்டும் வெடித்துக்கொண்டே இருந்தது. பற்ற வைத்த சரத்தை நடுவில் நிறுத்த முடியாது. அத்தனை கம்பெனிச் சரமும் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்துத் தீரும் வரை எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

தீர்ந்ததும் வேல்சாமி எழுந்து போய் உங்கள் மட்டையை எடுத்துத் துண்டால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "ஆடுங்க அண்ணாச்சி" என்றாராம். நீங்கள் ஆடினீர்கள். எங்கள் டீம் தோற்றது. ஒருவரும் உங்களைத் திட்டவில்லை, கை தட்டவும் இல்லை. நீங்கள் பஸ் ஏறும்போது வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

மறுநாள் டீ வாங்கப் போனபோது வேல்சாமி ஈரத் துணியால் அந்தப் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டிப் பசை லேசில் விடுமா? லேபிளோடு சேர்ந்து உங்கள் முகமும் உரிந்து வந்துவிட்டது. கடை இருந்த வரைக்கும் அந்தப் போட்டோ அங்கேயே தொங்கியது, நடுவில் மட்டையை ஊன்றின ஓர் ஆள், கழுத்துக்கு மேலே வெள்ளை. அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் யார் ஜெயித்தாலும் சரம் வெடிக்கவில்லை. தீர்மானம் போடவில்லை, யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. ஒருவரும் துண்டுச் சரம் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அண்ணாச்சி, எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. அந்த மறுநாள் காலையில் நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். சங்கு ஊதினதும் எல்லாரும் எப்போதும்போல வேலைக்குப் போனார்கள். உங்கள் பயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் உள்ளே போக மாட்டார்கள் என்று பயந்துதானே நீங்கள் கெட்ட பெயரைச் சுமந்தீர்கள்? தெரிந்தது. போனார்கள். உங்களுக்குத் தெரியும் முன்பே அவர்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பல வருஷம் கழித்துக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "இப்ப ஃபுல்பேக் யாரு?" என்று கேட்டீர்கள். பெயரைச் சொன்னேன். "காலு எப்படி?" என்றீர்கள். பரவாயில்லை என்றேன். அந்த மறுநாள் காலையைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம், அந்த ஆட்டத்தைப் பற்றி நீங்களும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

நீங்கள் கற்றுக்கொடுத்தது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வார்டில் இருந்த காலமெல்லாம் யார் வந்தாலும் முதலில் கால்களைத்தான் பார்த்தேன். வாய் நல்லாயிருக்கேன் என்று சொல்லும், கால் சொல்லாது. இன்று காலையில் அந்த இனிப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றபோது, தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்தது. பெண்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். கடைசியில் ஒருத்தி, வேலைக்குப் புதுசு போல, தூக்குவாளியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். மற்றக் கால் தரையிலேயே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் ஏறிவிட்டாள். அந்தக் கால் எந்தப் பக்கம் போக நினைத்தது என்று நான் பார்த்தேன், அண்ணாச்சி.